குளிர் நாளில் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் வருவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் அதனுடன் வரும் சிறிய கையேட்டைப் பெரும்பாலும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அதன் கடைசிப் பக்கங்களில் மின்சாரம், வெப்பநிலை ஆகியவற்றுடன் ஈரப்பதம் பற்றியும் ஒரு வரி இருக்கும். 10 முதல் 90 சதவீதம் வரை என்பது போல ஓர் அளவைக் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே 'நான்-கண்டன்ஸிங்' என்று ஒரு சொல்லைப் போட்டிருப்பார்கள். எண்ணைப் படிப்பவர்கள்கூட இந்தச் சொல்லைக் கவனிப்பதில்லை. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தாலும் கம்ப்யூட்டர் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த ஈரம் நீர்த்துளியாக மாறி அதன் மேல் படியக்கூடாது என்பதுதான் இதன் பொருள்.

மழைத் தண்ணீர் படாமல், யாரும் டீயைக் கொட்டாமல், மூடிய அறைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் நீர்த்துளி எப்படி வரும் என்று கேட்கலாம். வரும். குளிர்காலத்தில் மலையூர்களிலும், வருடம் முழுவதும் ஏ.சி. அறைகளிலும், பனி பொழியும் வெளிநாடுகளிலும் இது நடக்கிறது. இதனால் கெட்டுப்போகும் மதர்போர்டுக்கு வாரண்டி கிடைப்பதும் சந்தேகம்தான். பல லேப்டாப்களிலும் போன்களிலும் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சிறு ஸ்டிக்கர்களை உள்ளே ஒட்டி வைத்திருக்கிறார்கள். நிறம் மாறியிருந்தால், தண்ணீர் எப்படி வந்தது என்று சர்வீஸ் சென்டரில் வாதாடிப் பயன் இருக்காது.

காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

காற்றில் நீராவி எப்போதும் கலந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. ஒரு கன மீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவியை வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம், 0 டிகிரியில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. இதற்கு மேல் உள்ளது தண்ணீராக வெளியேறிவிடும்.

வானிலைச் செய்தியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்று சொல்கிறார்கள் அல்லவா? அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய முழு அளவில் 80 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறை என்றால் சுமார் 28 கன மீட்டர். வெப்பநிலை 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அந்த அறையின் காற்றில் மட்டும் ஏறத்தாழ 680 மில்லி தண்ணீர் இருக்கிறது. ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் உங்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி மிதந்துகொண்டிருக்கிறது. அது உட்கார ஒரு குளிர்ந்த இடம் கிடைக்கவேண்டியதுதான் பாக்கி.

எந்த வெப்பநிலையில் இந்த நீராவி துளியாக மாறத் தொடங்குகிறதோ, அதைப் பனிநிலை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இணையத்தில் வானிலை பார்க்கும்போது 'டியூ பாயின்ட்' என்று ஓர் எண் வருகிறதே, அது இதுதான். வீட்டிலேயே இதை அளந்து பார்க்கலாம். ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு, ஐஸ் கட்டியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அறை வெப்பநிலைக்கும் கீழே காட்டும் ஆய்வுக்கூட தெர்மாமீட்டர் வேண்டும். டம்ளரின் வெளிப்பக்கம் மங்கத் தொடங்கும்போது தெர்மாமீட்டர் காட்டுவதுதான் உங்கள் அறையின் அன்றைய பனிநிலை.

தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் விண்டோஸில் உள்ள கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். 100-இல் இருந்து ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, வரும் விடையை 5-ஆல் வகுத்து, அதை அறை வெப்பநிலையிலிருந்து கழித்துவிடுங்கள். உதாரணமாக 30 டிகிரி, 75 சதவீதம் என்றால், 25-ஐ 5-ஆல் வகுத்தால் 5. 30-இல் 5 போனால் 25. பனிநிலை 25 டிகிரி. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது இந்தக் கணக்கு உண்மைக்கு மிக அருகில் வரும். நம் ஊர் வீடுகளுக்கு இது போதும்.

கம்ப்யூட்டரின் எந்தப் பாகமாவது இந்த எண்ணை விடக் குளிர்ந்திருந்தால் அதன் மேல் தண்ணீர் படியும். எண்ணை விடச் சூடாக இருந்தால் படியாது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாமே தானாகப் புரிந்துவிடும்.

கார் என்ஜினிலும் இதே தொல்லை

குளிர்ப் பிரதேசங்களில் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த விஷயம் பழக்கமானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்வதால் வரும் தண்ணீர் இது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். காலையில் கார் கிளம்பும்போது குழாய் நுனியில் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு பகுதி மட்டும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி, கீழே ஆயில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அதை வெளியேற்றத்தான் ஒரு வால்வும் ரப்பர்க் குழாயும் வைத்திருக்கிறார்கள். என்ஜினின் உறிஞ்சும் சக்தியே இந்த ஆவியை இழுத்துக்கொண்டுபோய் மறுபடி எரித்துவிடும்.

என்ஜின் நன்றாகச் சூடாகும் வரை ஓடினால் பிரச்சினை இல்லை. ஆயிலில் கலந்த தண்ணீர் ஆவியாகி இந்தக் குழாய் வழியே போய்விடும். ஆனால் குளிர் நாளில் 2, 3 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டி நிறுத்துகிறவர்களின் காரில் தண்ணீர் உருவாகிக்கொண்டே இருக்கும். அதை விரட்டும் சூடு மட்டும் வராது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பாலாடை போல வெளிறிய குழம்பு ஒட்டியிருக்கும். கனடா போன்ற நாடுகளில் கடும் குளிரில் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, ஆயில் சீலையே வெளியே தள்ளிவிடும்.

கம்ப்யூட்டர் எதையும் எரிப்பதில்லை, அதனால் அது தானாகத் தண்ணீரை உருவாக்காது. இது பெரிய வித்தியாசம். ஆனால் சூடாக இருக்கும்வரை உலர்ந்திருக்கும், குளிர்ந்துபோனால் நனையும் என்ற பகுதி இரண்டுக்கும் பொது. ஓடும் கம்ப்யூட்டர் தனக்குத்தானே ஹீட்டர். அது இழுக்கும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. 24 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை மின்விசிறி கேபினட்டுக்குள் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போய் அது 34 டிகிரிக்குச் சூடானதும், தண்ணீரின் அளவு மாறாமலேயே அதன் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் ஃபேன் ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறதே என்று பயந்து சிலர் கேபினட்டின் காற்றுத் துளைகளை அடைத்து வைக்கிறார்கள். அது வேண்டாத வேலை. சூட்டில்தான் முடியும்.

எங்கே, எப்போது நனையும்?

முதலில் ஊட்டி, கொடைக்கானல் போன்ற ஊர்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். ஹீட்டர் இல்லாத அறையில் இரவு முழுவதும் அணைத்து வைத்த கம்ப்யூட்டரின் இரும்பு கேபினட், அறையோடு சேர்ந்து 8, 10 டிகிரிக்கு இறங்கிவிடும். இரவில் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் காற்றும் கேபினட்டும் ஒன்றாகவே குளிர்கின்றன. வம்பு காலையில்தான். வெந்நீர் கொதிக்கிறது, இட்லிப் பானை ஏறுகிறது, ஈரத் துணியை உள்ளேயே கொடியில் போடுகிறார்கள். சமையல் கேஸ் எரிவதாலும் தண்ணீர்தான் வருகிறது. ஒரு கிலோ கேஸுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர். காற்று சீக்கிரம் சூடாகிவிடும், இரும்பு மெதுவாகத்தான் சூடாகும். அறையின் பனிநிலை 12, 13 டிகிரிக்கு ஏறிவிட்ட நேரத்தில் கேபினட் இன்னும் 10 டிகிரியில் உட்கார்ந்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தால், அதே அறையில் இருக்கும் கம்ப்யூட்டரின் உள்ளேயும் வியர்த்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த நேரத்தில்தான் குழந்தைகள் ஓடிவந்து சுவிட்சைப் போடுவார்கள்.

இரண்டாவது, ஏ.சி. அறை. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் குளிர்காலம் இல்லாவிட்டாலும், ஏ.சி. அந்தக் குறையைத் தீர்த்து வைக்கிறது. 22 டிகிரியில் இருந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறீர்கள். வெளியே 30 டிகிரி, 75 சதவீதம். முன்பு போட்ட கணக்குப்படி பனிநிலை 25. லேப்டாப் அதைவிட 3 டிகிரி குளிர்ந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி மங்கும். லேப்டாப்பிலும் அதே படலம்தான் படிகிறது, உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் என்றால் சொந்தச் சூட்டினால் தப்பித்துவிடும். அணைத்து வைத்திருந்ததுதான் மாட்டிக்கொள்ளும். இரவில் கரண்ட் போய், ஏ.சி. நின்று, ஜன்னலைத் திறந்துவிட்டால் அறையில் உள்ள அத்தனை பொருளுக்கும் இதே கதிதான். மார்பிள் தரை பிசுபிசுப்பதைக் கவனித்தால் தெரியும்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள். டொரன்டோ போன்ற நகரில் ஜனவரி மாதம் காரின் டிக்கியில் சில மணி நேரம் இருந்த லேப்டாப் பூஜ்யத்துக்கும் கீழே போயிருக்கும். வீட்டுக்குள் 21 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம்தான் என்றாலும் பனிநிலை 7 டிகிரி அளவில் இருக்கிறது. பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த உடனேயே மூடி மேல் வெள்ளையாகப் படியும். நம் ஊர் ஏ.சி. கேஸை விட இது மோசம், ஏனென்றால் வித்தியாசம் 3 டிகிரி அல்ல, 15, 20 டிகிரி.

தண்ணீர் உள்ளே என்ன செய்யும்?

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகத்தான் கடத்தும். காற்றிலிருந்து படியும் துளியும் படிகிற நேரத்தில் சுத்தமானதுதான். ஆனால் அது படியும் இடம் சுத்தமாக இல்லையே! மதர்போர்டின் மேல் தூசி இருக்கிறது, கடற்கரை ஊர்களில் அந்தத் தூசியில் உப்பு இருக்கிறது. உப்பு கரைந்ததும் அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். இன்றைய போர்டுகளில் இரண்டு கால்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி கூடக் கிடையாது. சுவிட்ச் போட்டவுடன் புகை வருவது அபூர்வம். கம்ப்யூட்டர் ஒருநாள் ஆன் ஆகும், ஒருநாள் ஆகாது; ராமைக் கழற்றி மாட்டினால் சரியாகும், இரண்டு வாரத்தில் மறுபடியும் பீப் சத்தம் கொடுக்கும். செம்புத் தடங்களில் பச்சை நிறம் ஏறிவிட்டால் அதன் ஆயுள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம்.

ஷட்டவுன் செய்த டெஸ்க்டாப்புக்குள் மின்சாரமே இல்லை என்று நினைக்க வேண்டாம். சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முன்பக்க பட்டனை அழுத்தியதும் விழித்துக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு. ஈரமும் இந்தச் சிறு மின்சாரமும் ஒன்றாகச் சேரும்போது உலோகம் அரிப்பது பல மடங்கு வேகமாகிறது.

ஹார்ட் டிஸ்க் தனிக் கதை. சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் மூடியில் ஊசிமுனை போன்ற ஒரு துளை இருக்கும். அதை மறைக்காதே என்று பக்கத்தில் எழுதியிருப்பார்கள். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க இந்தத் துளை வேண்டும். தூசியை வடிகட்டியும், ஈரத்தை உறிஞ்சும் பொருளும் உள்ளே உண்டு. எனவே காற்றின் ஈரம் வழக்கமான அளவில் இருந்தால் கவலையில்லை. ஆனால் எழுதும் ஹெட், சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில்தான் மிதக்கிறது. தட்டின் மேல் பனி படிந்திருக்கும் நேரத்தில் அது சுழலத் தொடங்கினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. போர்டு போனால் பணத்தோடு போகும், ஹார்ட் டிஸ்க் போனால் கல்யாண ஆல்பமும் போகும். 2013-இல் வரத் தொடங்கிய ஹீலியம் நிரப்பிய டிஸ்க்குகளிலும், எஸ்.எஸ்.டி.க்களிலும் இந்தத் துளை கிடையாது. ஆனால் அவற்றின் கனெக்டரும் சர்க்யூட்டும் நனைந்தால் நனைந்ததுதான்.

அந்தக் கால வி.சி.ஆர். வைத்திருந்தவர்களுக்கு 'டியூ' என்று ஒரு விளக்கு எரிந்தது நினைவிருக்கலாம். ஹெட் டிரம் நனைந்திருந்தால் கேசட்டை ஓடவே விடாது. ஒரு வீடியோ பெட்டிக்கு இருந்த இந்த வசதி நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்றுவரை பொதுவாக வரவில்லை என்பது வருத்தமான விஷயம்தான். அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

குளிரான இடத்திலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். பையோடு அப்படியே 2 மணி நேரம் வைத்துவிடுங்கள். இன்னும் நல்ல வழி, குளிரில் இருக்கும்போதே அதை ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி, பிறகு வீட்டுக்குள் கொண்டுவருவது. பனி கவரின் வெளிப்பக்கம் படியும். லேப்டாப் உலர்ந்தபடியே சூடாகும். கேமராக்காரர்கள் வெகுகாலமாகச் செய்யும் வேலை இது. குளிர் நாளில் புதிய டெஸ்க்டாப் கூரியரில் வந்து இறங்கினால், ஆசையாக இருந்தாலும் பாலிதீன் உறையை உடனே கிழிக்காதீர்கள். தெர்மோகோலுக்கு நடுவே உள்ள இயந்திரம் அறைச் சூட்டுக்கு வர 4, 5 மணி நேரம் ஆகும். மாலையில் வந்தால் மறுநாள் காலையில் மாட்டுவது நிம்மதி.

லேப்டாப்பை வெளியே எடுத்துச் செல்லும்போது மூடியை மட்டும் மூடினால் போதாது. பெரும்பாலான லேப்டாப்கள் மூடியதும் ஸ்லீப் நிலைக்குத்தான் போகும். உள்ளே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும், திறந்தவுடன் தானே எழுந்துகொள்ளும். நீங்கள் காத்திருக்க நினைத்தாலும் அது காத்திருக்காது. எனவே ஸ்டார்ட் மெனுவில் பவர் சென்று ஷட்டவுன் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியை உடனே சார்ஜில் போடுவதும் கூடாது. ஈரம் இல்லாவிட்டாலும் அது பேட்டரிக்குக் கெடுதல்.

மலையூரில் இருப்பவர்கள் காலையில் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தொடுங்கள். கண்ணாடி தெளிந்த பிறகு ஆன் செய்வது நல்லது. வாரம் ஒருமுறை மட்டும் 10 நிமிடம் போடுவதை விட, ஈரமான மாதங்களில் தினமும் அரை மணி, ஒரு மணி நேரம் ஓடவிடுவது இயந்திரத்துக்கு நன்மை. இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மேசை, ஏ.சி.யின் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வேண்டாம், சமையலறை வாசலிலும் வேண்டாம். தூசியைச் சேரவிடாமல் இருப்பதும் ஈரத்துக்கு எதிரான வேலைதான். காரணம் மேலேயே சொல்லிவிட்டோம்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கேபினட்டுக்குள் போட்டு வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. 5 கிராம் பொட்டலம் அதிகபட்சம் ஒன்றரை, இரண்டு கிராம் தண்ணீரைத்தான் குடிக்கும். 680 கிராம் மிதக்கும் அறையில், நாலு பக்கமும் துளை உள்ள கேபினட்டுக்குள் அதைப் போடுவது ஆற்றங்கரையில் ஸ்பாஞ்ச் வைப்பது போலத்தான். காற்றுப் புகாத டப்பாவிலோ ஜிப் கவரிலோ எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கையும் பென் டிரைவையும் வைக்கும்போது மட்டும் அது நன்றாக உதவும்.

அரிசி டப்பா வைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். நனைந்த ஐபோனை அரிசியில் போட வேண்டாம், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிப் பக்கத்தில் சொல்லிவிட்டது. ஹேர் டிரையரும் கூடாது. ஒரு பக்கம் உலர்ந்து இன்னொரு பக்கம் ஈரத்தைத் தள்ளிவிடும், பிளாஸ்டிக்கும் வளையும்.

வெளியே துளிகள் தெரிகிற கம்ப்யூட்டரை என்ன செய்வது? பவர் பட்டனைத் தொடாதீர்கள். பிளக்கை எடுத்துவிடுங்கள், லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி மூடியைத் திறந்து வையுங்கள். திறந்ததும் ஆன் ஆகிவிட்டால் பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணைத்துவிடுங்கள். அறையில் சாதாரண மின்விசிறியை மிதமாக ஓடவிட்டு, துளிகள் மறைந்த பிறகும் இன்னும் சில மணி நேரம் விட்டுவிடுங்கள்; வெளியே உலர்ந்த பிறகுதான் உள்ளே உலரும். பிறகு ஆன் செய்து பாருங்கள். விண்டோஸ் வழக்கம்போல வந்துவிட்டால் முதல் வேலையாகப் போட்டோக்களையும் முக்கியமான ஃபைல்களையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். அரிப்பு தொடங்கியிருந்தால் அது தன்னைக் காட்டிக்கொள்ளச் சில வாரங்கள் எடுக்கும்.